முட்டைக்கோஸுக்கு 'வேம்' வாங்காதீர்கள்

இடுக்கி மலையில் வட்டவடை, கோவிலூர் பக்கத்துப் படிக்கட்டு வயல்களில் ஒரு படியில் முட்டைக்கோஸ் இருக்கும். அடுத்த படியில் வெள்ளைப்பூண்டு இருக்கும். சென்ற பருவத்தில் பக்கத்து வயல் அண்ணன் வேர் உட்பூசணம், அதாவது கடையில் 'வேம்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் ஒரு மூட்டை வாங்கிவந்து முழுவதையும் முட்டைக்கோஸுக்கே கொட்டிவிட்டார். பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இந்தப் பூஞ்சை வேருக்குள் குடியேறி, மண்ணுக்குள் மெல்லிய இழைகளை விடும். வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழை கொண்டுவரும். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். சுமார் 40 கோடி ஆண்டுக் கொடுக்கல் வாங்கல் இது. ஆனால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் கடுகுக் குடும்பம். அந்தக் குடும்பத்து வேரில் இந்தப் பூஞ்சை குடியேறுவதில்லை. பீட்ரூட்டும் அப்படியே.

பூண்டின் கதை வேறு. அதன் வேர் குட்டை, கிளையும் வேர்த்தூவியும் மிகக் குறைவு. நம் மலை மண்ணோ அமிலத்தன்மை கொண்டது. இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சையின் துணை பூண்டுக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் ஆகியவையும் ஏற்கும். தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும் பீன்ஸின் வேர்முடிச்சுக்கு மணிச்சத்து நிறைய வேண்டும் என்பதால் அங்கே இரட்டைப் பயன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சை வளராது. எனவே முட்டைக்கோஸ் நின்ற வயலில் ஏற்கெனவே இருந்த பூஞ்சையும் குறைந்துபோகும். வாங்கிய வேமை அதற்கு அடுத்து வரும் பூண்டுக்கு வையுங்கள். காசுக்கு உரிய பயன் அங்கேதான்.

அதே காரணத்தால்தான் வெல்லக் கரைசலில் ஊறவைத்துப் பெருக்கும் வழக்கமும் வீண். அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரப் பாக்டீரியாவுக்குச் செய்வதைப் பார்த்து இதற்கும் செய்கிறார்கள். வெல்லத்தில் பெருகுவது வேறு ஏதோ நுண்ணுயிர், வேம் அல்ல.

மேலே தூவிவிட்டுப் போவதும் பயன் தராது. வேர் தொட வேண்டும். பூண்டுப் பல்லின் அடியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, அதன்மேல் பல்லை ஊன்றுங்கள். நாற்றுப் பயிருக்கு நாற்றங்காலிலேயே இடுவது சிக்கனம். கூடவே மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிப் போட்டால் செடிக்கு மணிச்சத்து எளிதாகக் கிடைத்துவிடும். பிறகு பூஞ்சைக்கு வேரில் இடம் குறையும். பூஞ்சைக்கொல்லியை அதே நாளில் மண்ணில் ஊற்றாதீர்கள்.

கீழ்மலையில் வெனிலா வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: வெனிலா ஆர்க்கிட் இனம். அதன் வேர்ப்பூஞ்சை வேறு வகை. வேம் அதற்குப் பொருந்தாது. மிளகுக்கும் ஏலத்துக்கும் தயங்காமல் இடலாம்.

தொழுவுரத்தில் படரும் வெள்ளை நூலைப் பார்த்து வேம் பிடித்துவிட்டது என்று மகிழாதீர்கள். வேருக்குள் இருப்பதைச் சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் காண முடியும். வயலில் சோதிக்க, ஒரு பாத்தியை வேம் இடாமல் விட்டு, பூண்டு பறிக்கும்போது தனியாக எடை போடுங்கள்.