கண்மாய்ப் பறவைக் கணக்கு: கைபேசியிலிருந்து கிராம சபை வரை

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே ஏறத்தாழ 250 பறவையினங்கள் பதிவாகியிருந்தன. 2024இல் அப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. மக்கள் திரண்டு எதிர்த்ததால் 2025 ஜனவரியில் அது ரத்தானது. பட்டியல்தான் சுரங்கத்தைத் தடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வூராரிடம் எடுத்துக்காட்ட ஒரு பட்டியல் இருந்தது. மதுரையைச் சுற்றியுள்ள பெரும்பாலான கண்மாய்களுக்கு அப்படி ஒன்று இல்லை. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு அதை எவ்வாறு தொடங்குவது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் கண்மாயைத் தேர்ந்தெடுங்கள். பறவை மிகுந்த கண்மாயைவிட, நீங்கள் சலிக்காமல் போய்வரக்கூடிய தொலைவில் உள்ள கண்மாயே நல்லது. கரைமேல், காலை வெயில் உங்கள் முதுகில் விழும்படியான ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்வெயிலில் நாமக்கோழியும் நீர்க்காகமும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். கணக்கெடுக்கப் போகுமுன் மடை திறந்து வயல்களுக்கு நீர் விடும் ஊர் நீர்ப்பாய்ச்சியிடமும் மீன்பாசி குத்தகைதாரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் தொலைநோக்கியுடன் கரையில் நிற்பவரை யாரும் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

அடுத்து, கைபேசியில் ஈபேர்டு, மெர்லின் என்னும் இரண்டு செயலிகளை நிறுவுங்கள். இரண்டும் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தினுடையவை, இலவசமானவை. முன்னது 2002இல் தொடங்கி, 2010 முதல் உலகெங்கும் பறவைப் பதிவுகளைச் சேர்த்து வருகிறது. பின்னது படத்தையோ குரலையோ கொண்டு பெயரை ஊகித்துச் சொல்வது. கரையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மெர்லின் சொன்ன பெயரைக் கண்ணால் உறுதிசெய்யாமல் எழுத வேண்டாம்.

இனிக் கணக்கு. இதில்தான் தொடக்கநிலையினர் தடுமாறுகிறார்கள். செயலியில் பட்டியலைத் தொடங்கி, நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேர அளவு. கூட்டமாக இருக்கும் நத்தைகுத்தி நாரைகளை எண்ண வேண்டுமானால், ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, மீதியை அந்த அளவால் அளந்துகொண்டே போங்கள். முதல் ஆண்டு நானும் நண்பரும் ஆளுக்கொரு கரையில் நின்று எண்ணிக் கூட்டிவிட்டோம். இடையில் பறந்து இடம் மாறிய நாரைகள் இரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டன. அன்றிலிருந்து ஒருவர் எண்ணுவார், மற்றவர் எழுதுவார்.

முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று செயலி கேட்கும். 'ஆம்' என்று சொல்லும்படி காகம், மைனா, மடையான் எதையும் விடாமல் எழுதுங்கள். அப்படி எழுதிய பட்டியலில்தான், இல்லாத பறவையும் ஒரு செய்தியாகிறது: போன கார்த்திகையில் வந்த நீலச்சிறகி இந்தக் கார்த்திகையில் வரவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். குறிப்புப் பகுதியில் நீர்மட்டத்தையும் எழுதுங்கள். மடையின் கல்தூண் எத்தனை அடி வெளியே தெரிகிறது என்பதே போதுமான அளவுகோல்.

வலசைப் பறவைகள் தங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் இருமுறை சென்றால் போதும். பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்ற தருணம், 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு.

ஓர் எச்சரிக்கை. அழகர்மலைப் பக்கமோ அரிட்டாபட்டிக் குன்றுகளிலோ எறும்புத்தின்னி, தேவாங்கு, வல்லூறின் கூடு ஆகியவற்றைக் கண்டால் இடத்தை வெளியிடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் பதிவுகளைப் பகிரும் தளங்கள் அருகிவரும் உயிரினங்களின் இருப்பிடத்தைத் தாமாகவே மங்கலாக்கிக் காட்டும். வாட்ஸ்அப் குழுவில் நீங்களே ஊர்ப்பெயரோடு போட்ட படத்துக்கு அந்தக் காப்பு இல்லை. எறும்புத்தின்னியைக் கடத்துபவர்களிடமும் கைபேசி இருக்கிறது.

கடைசிப் படி, கணக்கை ஊருக்குத் திருப்பித் தருவது. நாங்கள் முதன்முதலில் ஆங்கிலப் பெயர்களுடன் வரைபடம் அச்சிட்டுக் கொண்டுபோனோம். ஒருவரும் நின்று பார்க்கவில்லை. மறுமுறை ஊர் வழக்குப் பெயர்களைக் கேட்டு எழுதியபோது, ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உள்ளான்ல ரெண்டு தினுசு வரும் தம்பி, நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீங்க" என்றார். அவர் சொன்னது சரி. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத வழக்கம் செயலிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஏற்பட்டது. நீங்கள் கொண்டுபோகும் எண்கள் அத்தகைய அறிவோடு போய்ச் சேர வேண்டும்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மக்கள் அறிவையும் எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்து, உங்கள் பட்டியலைச் சேர்க்கும்படி எழுத்தில் கொடுங்கள். அதைப் பேச, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபை பொருத்தமானது. பருவத்தின் கணக்கு அதற்குள் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஒரு பிரதியைத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டி, கீழே நாலு வரி இடம் காலியாக விட்டு, பக்கத்தில் நூலில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிடுங்கள்.