பிள்ளை ஆய் போக அழுதால்

என் பேரன் நான்கு வயதில் பீரோ ஓரமாகப் போய், கால்களைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்று வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் அவன் அடக்கிக்கொண்டிருந்தான். ஒருமுறை வலித்துவிட்டால் பிள்ளை அடுத்த முறை பயந்து அடக்கும். அடக்க அடக்கப் பெருங்குடல் நீரை உறிஞ்சி மலத்தை இன்னும் இறுக்கும். அதனால் தயவுசெய்து திட்டாதீர்கள். முதலில் வலி தீர வேண்டும்.

பாலைக் கவனியுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு அரை லிட்டர் தாராளம். அதற்குமேல் குடித்தால் சோறு, காய்க்கு வயிற்றில் இடமிருக்காது. பப்பாளி, கொய்யா, கீரை, அவரைக்காய் தினமும் ஏதாவது ஒன்று போகட்டும். உலர்திராட்சையை இரவே ஊறவைத்துக் காலையில் மசித்துக் கொடுக்கலாம். பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் நிறைய.

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அந்த நேரம்தான் நமக்கு வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வேன் வரும் அவசரத்தில் இது நடக்காது, அரைமணி முன்னதாக எழுப்புங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது. பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி செய்யுங்கள். வரவில்லையா, சரி, எழுந்து போகட்டும்.

வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே புண்ணான இடத்தில் குத்தினால் பயம்தான் கூடும்.

இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்போ, பாலிஎத்திலீன் கிளைகால் பொடியோ எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தருவார். இவை பழக்கமாகிவிடும் என்று பயந்து, நாலு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். மலம் தேங்கி விரிந்த குடல் பழையபடி சுருங்க மாதக்கணக்கில் ஆகும். மருத்துவர் சொல்லும்வரை கொடுங்கள். ஜட்டியில் அடிக்கடி கறை படிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுக்காதீர்கள். உள்ளே கட்டிய மலத்தைச் சுற்றி இளகியது கசிந்திருக்கலாம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, பிறந்து ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சில நாள் போகாமல் இருந்தாலும், நன்றாகக் குடித்து எடை ஏறி, போகும்போது இளக்கமாகப் போனால் கவலையில்லை. ஆனால் பிறந்து 48 மணி நேரத்தில் முதல் மலம் வராத குழந்தையையும், எந்த வயதிலும் வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுக்கும் பிள்ளையையும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைதல் இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.