அட்டை இருக்கிறது சரி, பட்டியலில் பேர் இருக்கிறதா?

வாக்காளர் அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அதனால் நமக்கு ஓட்டு இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். பட்டியலில் பேர் இல்லையென்றால், அட்டையைத் தூக்கிக் காட்டி எவ்வளவு சத்தம் போட்டாலும் பூத்தில் இருக்கிற அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்குப் பேர் சேர்க்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்பு தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கி, தமிழ்நாட்டுப் பட்டியலையே புதிதாகத் தயாரித்தார்கள். வரைவுப் பட்டியலில் லட்சக்கணக்கான பேர்கள் இல்லாமல் போயின. அதனால் முப்பது வருஷமாக ஒரே தெருவில் இருந்து ஓட்டுப் போடுகிறவர்களும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம்தான். தேர்தல் ஆணையத்தின் வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் கவ் டாட் இன் தளத்தில் அட்டை எண்ணை, அதாவது மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அந்த எண்ணைப் போட்டால் தொகுதி, பாகம் எண், வரிசை எண், எந்தப் பள்ளிக்கூடத்தில் பூத் என்பதெல்லாம் வந்துவிடும். இணையம் ஒத்துவராதவர்கள் 1950க்கு போன் போட்டுக் கேட்கலாம், இல்லையென்றால் உங்கள் பூத்தின் பி.எல்.ஓ.வை, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பிடிக்கலாம். பல இடங்களில் அங்கன்வாடி டீச்சரோ பள்ளி ஆசிரியரோதான் பி.எல்.ஓ.வாக இருப்பார், தெருவில் விசாரித்தால் தெரிந்துவிடும். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேர் இல்லையா, அல்லது இப்போதுதான் பதினெட்டு ஆகிறதா? படிவம் 6. முன்பு ஜனவரி 1 அன்று பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்று ஒரே தேதிதான் கணக்கு. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கில் வரும். பதினேழு முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம், வயது வந்ததும் பேர் ஏறும். ஒரு போட்டோ, வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று இருந்தால் போதும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ கொடுக்கலாம். முகவரிக்குக் கரண்ட் பில், கேஸ் பில், வங்கிப் பாஸ்புக், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் மாதிரி ஏதாவது ஒன்று. கட்டணம் ஒரு பைசா கிடையாது. யாராவது ஐந்நூறு கொடு, முடித்துத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மதுரைக்காரர்கள் தடுமாறுகிற இடம் தொகுதி. நம் மாவட்டத்தில் பத்து சட்டமன்றத் தொகுதிகள், அதில் ஐந்துக்கு மதுரை என்றே பேர்: கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, மத்தி. மற்றவை மேலூர், சோழவந்தான், திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி. வீடு ஊருக்குக் கிழக்கே இருந்தால் மதுரை கிழக்கு என்று திசை பார்த்துக் குத்துமதிப்பாகப் போடக்கூடாது. படிவத்தில் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற குடும்பத்தார் ஒருவரின் அட்டை எண்ணைக் கேட்பார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எந்தத் தொகுதியோ அதையே போடுங்கள். வாடகைக்குப் புதிதாக வந்தவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்கள் சொந்த ஊரிலோ ஹாஸ்டல் முகவரியிலோ, ஏதாவது ஒரே இடத்தில்தான் பதியலாம். இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட வேண்டாம். தெரிந்தே பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில் என்று சட்டத்தில் இருக்கிறது.

ஆன்லைனில் நிரப்பும்போது ஒன்றை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். பேரை ஆங்கிலத்தில் அடித்ததும் பக்கத்துக் கட்டத்தில் அதுவாகவே தமிழில் விழும், விழுகிற தமிழ் பல சமயம் கோரமாக இருக்கும். அழகர்சாமி அலகர்சாமி ஆவார், வள்ளி வல்லி ஆவார், இனிஷியல் எங்கேயோ போய் ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் தெருவுக்கு நாலு அழகர் இருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் இந்த வம்பு. தமிழ்க் கட்டத்தைத் தனியாகத் திருத்தலாம். திருத்திவிட்டு அப்புறம் அனுப்புங்கள், வருகிற குறிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள், நிலவரம் பார்க்க அதுதான் வேண்டும். பேப்பரில் கொடுப்பதுதான் நிம்மதி என்பவர்கள் பி.எல்.ஓ.விடமோ, தாலுகா ஆபீசிலோ, மாநகராட்சிக்குள் இருந்தால் மண்டல அலுவலகத்திலோ கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சனி ஞாயிறில் பூத்திலேயே முகாம் போடுவார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி.

வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. செல்லூரிலிருந்து திருநகருக்குப் போனாலும் சரி, திருப்பூரில் செட்டில் ஆனாலும் சரி இதேதான். பேர், பிறந்த தேதி, போட்டோ தப்பாக இருந்தாலும், அட்டை தொலைந்தாலும் இதே படிவம். புதிதாக 6 போட்டுவிடாதீர்கள், பேர் இரண்டு இடத்தில் விழுந்து சிக்கலாகும். இறந்தவர்களின் பேரை எடுக்கப் படிவம் 7. மனசுக்குக் கஷ்டமான வேலைதான், ஆனால் தாத்தா பேரில் இன்னொருவன் வந்து ஓட்டுப் போடாமல் இருக்க வேண்டுமே.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள், இனிமேல் சேர்க்க முடியாது என்று ஒரு பேச்சு எப்போதும் ஓடும். தப்பு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் வரைதான் பட்டியலில் பேர் ஏற முடியும், அதற்கு முன்னால் ஆட்சேபணைக்காக ஒரு வாரம் விட வேண்டும். ஆகவே மனு தாக்கல் முடிவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும்.

எண்பத்தைந்து வயது தாண்டியவர்களும், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். அதற்கு 12டி படிவம், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பாட்டிக்கு இது வேண்டுமென்றால் முதலிலேயே பி.எல்.ஓ. காதில் போட்டு வையுங்கள், அந்த ஐந்து நாள் ஓடுவதே தெரியாது.

ஓட்டு நாளுக்கு வருவோம். பூத் சிலிப் வீட்டுக்கு வரும், ஆனால் அதை மட்டும் வைத்து ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஒன்று போதும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு அந்தப் பட்டியலில் கிடையாது. நம் ஆட்கள் எங்கே போனாலும் முதலில் எடுத்துக்கொண்டு போவது அதைத்தான், அதனால் சொல்கிறேன்.

உள்ளே போனதும் முதல் அதிகாரி உங்கள் பேரைச் சத்தமாக வாசிப்பார், கட்சி ஏஜெண்டுகள் தங்கள் லிஸ்டில் டிக் அடித்துக்கொள்வார்கள். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, கையெழுத்து வாங்கிச் சீட்டுக் கொடுப்பார். அந்தச் சீட்டை மூன்றாமவர் வாங்கிக்கொண்டு மிஷினைத் திறந்துவிடுவார். பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் விவிபாட் என்கிற, சீட்டு அச்சிடும் பெட்டியின் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டு விழும். அவசரப்பட்டுத் திரும்பிவிடாமல் அதைப் பாருங்கள். உங்கள் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள், 49பி (49P) விதிப்படி வாக்குச்சீட்டு வாங்கி ஓட்டுப் போட உங்களுக்கு உரிமை உண்டு, தலைமை அதிகாரியிடம் கேளுங்கள்.

மதுரையில் தேர்தலும் சித்திரை மாசமும் மோதிக்கொள்வது புதிதில்லை. 2019இல் மீனாட்சி தேரோட்டமும் ஓட்டுப்பதிவும் ஒரே நாள், ஏப்ரல் 18. அதற்காக இங்கே இரவு எட்டு மணி வரை நேரம் கொடுத்தார்கள். எப்போதும் அப்படிக் கிடைக்காது. காலை ஏழு மணிக்கே போய்விட்டால் வெயிலும் இல்லை, கூட்டமும் குறைவு. வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது சட்டம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு மாட்டுத்தாவணிக்கு முதல் நாளே பஸ் ஏறுங்கள். எப்படியும் லேட்டாகிவிட்டது என்றால்கூட, நேரம் முடிவதற்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுத்துவிடுவார்கள், எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள்.