மினிச் சூறாவளி அடித்தால்: ஒரு கூரை வேலைக்காரன் சொல்வது

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், கொக்குவில், இணுவில் பக்கம் கூரை வேலை செய்கிறவன் நான். சித்திரை வெயில் கொதிக்கும் பின்னேரங்களிலும், ஐப்பசி மழை தொடங்கும் நாட்களிலும் இடியோடு வந்து அடித்துவிட்டுப் போகும் காற்றைத்தான் இங்கே மினிச் சூறாவளி என்கிறோம். வங்கக் கடலில் உருவாகும் புயலுக்கு முன்கூட்டியே அறிவித்தல் வரும். இதற்குப் பெரும்பாலும் வராது. ஒரு வளவில் மாமரத்தைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து வளவில் வாழையைக்கூடத் தொடாமல் போய்விடும்.

அதனால் எந்த அறைக்குள் ஓடுவது என்று இன்றைக்கே முடிவு செய்து வையுங்கள். மேலே கொங்கிறீற் போட்ட குளியலறை இருந்தால் அதுதான் முதல் இடம். இல்லையென்றால் வீட்டு நடுவில் யன்னல் இல்லாத சின்ன அறை. சில வீடுகளில் அது சாமியறையாக இருக்கும். விறாந்தை வேண்டவே வேண்டாம். வானம் கறுத்து, திடீரென்று குளிர்காற்று வீசிப் புழுதி எழும்பினால் அம்மம்மாவையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்புங்கள். தலைக்கு மேலே தலையணை பிடிக்கட்டும். கொடியில் காயும் உடுப்பு நனைந்தால் நனையட்டும்.

காற்றுப் போக யன்னலைத் திறந்துவிடு என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கூரைக்கு மேலால் ஓடும் காற்று கூரைச் சீற்றை மேலே இழுக்கும். திறந்த யன்னலால் புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். இரண்டும் சேர்ந்தால் எந்த ஆணி நிற்கும்?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கூரை பெரும்பாலும் ஓரத்தில்தான் கிளம்பத் தொடங்கும், அதுவும் விறாந்தைப் பக்கம். அங்கே கொக்கி ஆணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று மழைக்கு முன்பே பாருங்கள். கூரையைத் தாங்கும் கைமரம் சுவரில் சும்மா குந்தியிருந்தால் போதாது, இரும்புப் பட்டியால் சுவரோடு பிணைத்திருக்க வேண்டும். எங்கள் சனம் நிறைய இருக்கிற கனடாவில், பாரி நகரத்துக் குடிமனைகளை 2021 யூலை 15 அன்று டோர்னாடோ என்கிற சுழல்காற்று அடித்தது. அங்கேயும் ஆராய்ந்தவர்கள் குறை கண்டது கூரைக்கும் சுவருக்கும் இடையிலான பிணைப்பில்தான். புது வீடு கட்டுகிறவர்கள் மாபிளுக்குச் செலவழிக்கிறார்கள், இந்தப் பட்டிக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு அது விளங்குவதே இல்லை.

தகரத்துக்கு மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைக்கிற பழக்கத்தை விடுங்கள். பெருங்காற்றில் அவை யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குக் கிட்ட நிற்கும் பனையில் காவோலையை விழுத்துங்கள், கூரைக்கு மேல் சாய்ந்த முருங்கைக் கொப்பை வெட்டுங்கள்.

காற்று அடங்கியதும் உடனே கூரையில் ஏறாதீர்கள். அறுந்த கரண்ட் வயர் ஈர வேலியில் கிடக்கலாம். நனைந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றில் நேரே கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவீர்கள். சீற்றுக்குக் கீழே இருக்கிற கூரை மரத்துக்கு மரம் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். உடைந்த துண்டுகளைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். தறப்பாள் கட்டுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், கிராம அலுவலரிடம் சேதத்தைப் பதியும்போது உதவும். அவசர உதவிக்கு இலங்கை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.