குழாய் கழுவும் நாளில் சம்ப் வால்வை மூடிவையுங்கள்

நகராட்சி ஆட்கள் தெருக் குழாயைக் கழுவிவிட்டால், அடுத்து வரும் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கலாம். உள்ளே படிந்திருந்த இரும்புத் துருவும் மாங்கனீசும் வேகமான ஓட்டத்தில் கலங்கி வருவதுதான் காரணம். அதனால் அன்றைக்குச் சம்ப் (தரைக்கடித் தொட்டி) வால்வை முதலிலேயே மூடிவிடுங்கள். கலங்கல் ஒருமுறை சம்புக்குள் இறங்கிவிட்டால் மோட்டார் அதை மாடித் தொட்டிவரை ஏற்றிவிடும், அப்புறம் இரண்டையும் கழுவ வேண்டும்.

சம்புக்குப் போகாமல் தெருவிலிருந்து நேராக வரும் குழாயைத் திறந்து, வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த பிறகு வால்வைத் திறக்கலாம். பிடித்த தண்ணீர் செடிக்கு ஆகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், துரு போகாது.

வெள்ளைத் துணியை அன்று நனைக்கவே வேண்டாம். கறை பட்டுவிட்டதா? பிளீச்சிங் போடாதீர்கள், இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு தேய்த்து அலசுங்கள்.