மல்பெரி வளர்க்க: முதலில் பழத்தை ருசி பாருங்கள்

தில்லியில் வீட்டு வாசலில் கொஞ்சம் மண் இருந்தால் மல்பெரி வையுங்கள். இங்கே ஷாதூத் என்றால் எல்லோருக்கும் தெரியும். மே மாத அனலையும் ஜனவரிக் குளிரையும் இந்த மரம் தாங்கிவிடும். குளிரில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும்போது பட்டுப்போனது என்று பிடுங்கிவிடாதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருக்கும்.

நர்சரியில் கன்று வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. இதில் ஆண் மரம் காய்க்காது, சின்னக் கன்றைப் பார்த்து எது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. மார்ச், ஏப்ரலில் அக்கம்பக்கத்து மரங்களின் பழத்தைத் தின்று பாருங்கள். எது நன்றாக இனிக்கிறதோ, அந்த வீட்டு மாமியிடம் அப்போதே சொல்லி வையுங்கள். அடுத்த ஜனவரிக் கடைசியில், துளிர் விடுமுன், பென்சில் தடிமனில் ஒரு சாண் நீளக் குச்சிகள் வெட்டி வாருங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் பயம் இல்லை. மணலும் தொழு உரமும் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளிர்த்ததுமே வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. இழுத்துப் பார்க்காதீர்கள். ஜூலை மழையில் தரையில் நடலாம். சுவரையும் தண்ணீர்க் குழாயையும் விட்டு நன்றாகத் தள்ளி நடுங்கள், வேர் வெகுதூரம் ஓடும். மொட்டை மாடி என்றால் பெரிய டிரம் போதும்.

பழம் முடிந்த கையோடு கிளைகளைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள். இதற்கு மட்டும் தயங்கவே கூடாது. அதன்பின் வளரும் கிளைகளில்தான் அடுத்த வருஷப் பழம், அதுவும் கைக்கெட்டும் உயரத்தில். குளிர்காலத்தில் ஒட்ட வெட்டினால் பழம் குறைந்துவிடும்.

பழுத்தது தொட்டாலே கையோடு வரும். பழைய வேட்டியை விரித்துக் கிளையை உலுக்கினால் போதும். பறித்த அன்றே சாப்பிட வேண்டும், மறுநாள் குழைந்துவிடும். எங்கள் வீட்டில் சித்திரை முதல் தேதி மாங்காய்ப் பச்சடியில், வெல்லம் கரைந்து கொதிக்கும்போது ஒரு கைப்பிடி போடுவோம். நிறமே மாறிவிடும், அப்படி ஒரு ருசி!

மிச்சத்தை ஜாம் செய்யலாம். பழத்துக்குள் ஓடும் பச்சைக் காம்பைக் கத்தரித்துவிட்டு, ஒரு கிலோவுக்கு 600 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துக் காய்ச்சுங்கள். எலுமிச்சை இல்லாமல் சரியாக இறுகாது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அப்போது இறக்கிவிடுங்கள்.