‘காக்கி’ எந்த மொழிச் சொல்? தேடிப் பார்க்கும் முறை

ஒலி ஒத்துப்போனதும் உறவு கொண்டாடிவிடக் கூடாது. சிங்கப்பூரில் அடிக்கடி காதில் விழும் ‘காக்கி’யையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் சொல்லைத் தனியே எழுதாமல், வந்த தொடரோடு குறித்துக்கொள்ளுங்கள். ‘மக்கான் காக்கி’ சேர்ந்து சாப்பிடும் தோழர். ‘காக்கி லீமா’ கடைவீட்டு முன்நடை. மலாயில் காக்கி என்றால் கால், அடி அளவும் அதுவே, லீமா ஐந்து. காக்கிச் சட்டையோ பாரசீகத்தில் புழுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது.

அடுத்து மூல ஒலி. பிழை பெரும்பாலும் இங்கேதான், ஏனெனில் தமிழ் எழுத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். பாரசீகச் சொல் தொண்டையில் உரசித் தொடங்கும். மலாயில் வெறும் ‘க’. ஜப்பானிய மொழியிலும் ஒரு ‘காக்கி’ உண்டு: தோக்கியோ வழக்கில் முதல் அசையை உயர்த்தினால் கடற்சிப்பி, இரண்டாவதை உயர்த்தினால் பெர்சிமன் பழம்!

பொருள் நெருங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஹொக்கியன் என்ற சீன வழக்கில் ‘காக்கி லாங்’ நம்மவர். தோழருக்கு மூலம் இதுதான் என்று தோன்றும். பிரித்துப் பாருங்கள்: அங்கே காக்கி என்பது ‘தான்’. மலாயில் ‘காக்கி போத்தல்’ குடியில் ஊறியவர். சாப்பாட்டுத் தோழருக்கு இதுவே பக்கம் என்பது எங்கள் கணிப்பு.

தமிழ்க் ‘கால்’தான் காக்கி ஆனதா? ‘கப்பல்’ மலாயில் ‘காப்பால்’ ஆனபோது ‘ல்’ நின்றது, பொருளும் மாறவில்லை. காலின் ‘ல்’ எங்கே போனது, இரண்டாவது ‘க்’ எப்படி வந்தது என்று காட்ட முடியாதவரை உறவு எழுதாதீர்கள்.